பிணம் இருக்கிறது, பல்கலைக்கழகம் எங்கே?

பழைய கல்லூரி, அபூர்வப் படிப்பு, அதன் இருண்ட பக்கம் என்று போகும் 'டார்க் அகாடெமியா' வகைக் கொலை மர்ம நாவல்களைப் படிப்பவர்கள் ஒரே புகாரைத்தான் விதவிதமாகச் சொல்கிறார்கள்: முதல் நூறு பக்கம் அபாரம், கடைசி நூறு பக்கம் சொதப்பல். மழை, பழைய கல் கட்டடம், ஏணி வைத்து ஏற வேண்டிய புத்தக அலமாரி, ஒரே பேராசிரியரைச் சுற்றிவரும் ஐந்தாறு மாணவர்கள், அந்தக் கூட்டத்துக்குள் எப்படியாவது நுழைந்துவிடத் துடிக்கும் உதவித்தொகை மாணவர் ஒருவர், நடுவில் ஒரு பிணம். இதுவரை எல்லாம் நன்றாகவே போகும். கொலையாளி யார் என்று தெரியவரும் இடத்தில்தான் 'இதற்குத்தானா இவ்வளவும்?' என்று ஆகிவிடும்.

எழுதியவருக்குத் திறமை போதவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். சில நாவல்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் நல்ல நடை கைவந்தவர்களும் சரியாக இதே இடத்தில் சறுக்குகிறார்கள் என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. என் கணிப்பு இது: 'யார் செய்தது?' என்று கேட்கவே கேட்காத ஒரு நாவலை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, 'யார் செய்தது?' என்று கேட்கும் கதைகளை இவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதை விளக்க, பழைய நாவல்கள் மூன்றின் முடிவுகளைக் கீழே போட்டு உடைக்கப் போகிறேன். அவற்றை இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்வது நல்லது.

முன்மாதிரி எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1992இல் வெளியான டோனா டார்ட்டின் 'தி சீக்ரெட் ஹிஸ்டரி'. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஹாம்ப்டன் என்றொரு கற்பனைக் கல்லூரி. டார்ட் படித்த பென்னிங்டன் கல்லூரியின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரியும். ஜூலியன் மாரோ என்ற ஆசிரியரிடம் பண்டைய கிரேக்கம் படிக்கும் சின்னஞ்சிறு குழு. கலிஃபோர்னியாவின் ஒரு சுமாரான ஊரிலிருந்து வரும் ரிச்சர்ட், தன் எளிய பின்னணியை மறைத்துப் பொய் சொல்லி அந்தக் குழுவில் ஒட்டிக்கொள்கிறான். கதையைச் சொல்பவனும் அவனே. அவர்களில் ஒருவனான பன்னி கொல்லப்படுகிறான்.

இதில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை: பன்னி செத்துவிட்டான் என்பதும் அவனைக் கொன்றது நண்பர்களே என்பதும் முன்னுரையிலேயே வந்துவிடுகிறது. அதாவது முதல் பக்கத்திலேயே. மர்ம நாவல் வழக்கமாகக் கடைசி அத்தியாயத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருக்கும் விடையை டார்ட் வாசலிலேயே கொட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு கேள்வி ஒன்றுதான். இவ்வளவு படித்த, நாசூக்கான பிள்ளைகள் எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்? நாவலின் முதல் பாதி கொலையை நோக்கி ஏறுகிறது. இரண்டாம் பாதி கொலை செய்தவர்கள் உள்ளுக்குள் இற்றுப்போவதைச் சொல்கிறது.

இந்த உத்தி டார்ட் கண்டுபிடித்ததல்ல. ஆங்கிலேய எழுத்தாளர் ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இல் 'தி சிங்கிங் போன்' தொகுப்பில் இதைச் செய்து காட்டினார். குற்றவாளி யார், எப்படிச் செய்தான் என்பதை முதல் பகுதியிலேயே சொல்லிவிட்டு, துப்பறிபவர் அதை எப்படி எட்டுகிறார் என்பதை மீதியில் வைத்தார். தலைகீழ் மர்மக் கதை என்று இதற்குப் பெயர் வந்தது. டார்ட் அந்தத் தலைகீழ் வடிவத்தை எடுத்துக்கொண்டு, துப்பறிபவரையும் அநேகமாக வெளியே அனுப்பிவிட்டார்.

பிறகு இணையம் வந்தது. 2010களின் நடுவில் டம்ப்ளர் (Tumblr) என்ற வலைப்பதிவுத் தளத்தில் 'டார்க் அகாடெமியா' ஓர் அழகியலாகத் திரண்டது: ட்வீட் கோட்டு, மங்கிய மஞ்சள் விளக்கு, மை கறை படிந்த விரல், லத்தீன் மேற்கோள். 2020இல் பெருந்தொற்றால் உலகெங்கும் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அது வெள்ளமாகப் பெருகியது. வகுப்பறைக்குள் கால்வைக்க முடியாத மாணவர்கள் வகுப்பறையைப் பற்றிய கனவைப் பகிர்ந்துகொண்டார்கள்; அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கனவுக்கு மூலமாக நின்ற நாவலில் ரிச்சர்ட் தன்னைப் பற்றி ஆரம்பத்திலேயே சொல்லிக்கொள்வது வேறு. அழகாகத் தெரிவது எதுவானாலும் அதன் பின்னால் ஓடுவதுதான் தன்னைக் கெடுத்த குணம் என்கிறான். ஒரு பாத்திரத்தின் அழிவுக்குக் காரணமான நோயை அடுத்த தலைமுறை வாசகர்கள் உடையலங்காரமாக எடுத்துக்கொண்டார்கள். பதிப்பாளர்களும் அதைக் கவனித்தார்கள். முதலில் நாவல் வந்து, பல ஆண்டுகள் கழித்து அதற்கொரு லேபிள் வந்தது. இப்போது லேபிளைப் பார்த்து நாவல்கள் தயாராகின்றன.

அப்படித் தயாராகும் நாவலை விற்க 'சூழல்' மட்டும் போதாது. அட்டையின் பின்பக்கத்தில் ஒரு கொக்கி வேண்டும். 'அன்றிரவு ஏரிக்கரையில் உண்மையில் நடந்தது என்ன?' என்று ஒரு வரி. அந்த ஒற்றை வரியோடு சிக்கல் உள்ளே நுழைகிறது.

யார் கதை சொல்கிறார் என்று பாருங்கள். கிட்டத்தட்ட எப்போதும் 'நான்'. அந்த 'நான்' பல ஆண்டுகள் கழித்து, நடந்ததையெல்லாம் அசைபோட்டுச் சொல்லும் நான். 'அப்போது எங்களுக்குத் தெரியாது, அந்த இலையுதிர்காலம்தான் கடைசி' என்ற தொனி இந்த வகையின் உயிர்நாடி. அந்தத் தொனி வேண்டுமென்றால் சொல்பவருக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும். மர்மம் வேண்டுமென்றால் முடிவு வெளிவரக் கூடாது. ஆகவே முதல் பக்கத்திலேயே எல்லாம் தெரிந்த ஒருவர், முந்நூறு பக்கத்துக்கு, தெரியாததுபோல் நடித்துக்கொண்டே கதை சொல்ல வேண்டியிருக்கிறது. ரிச்சர்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டான். அவனைப் பார்த்து எழுதுபவர்கள் அவன் குரலை எடுத்துக்கொண்டு, அந்தக் குரல் நிற்பதற்குக் காரணமான முதல் பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிடுகிறார்கள்.

இந்த நடிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நானே ஓர் உதாரணம் புனைகிறேன். 40ஆம் பக்கத்தில், 'அன்றிரவு நான் விடுதிக்குத் திரும்பியபோது மணி மூன்று. கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.' 310ஆம் பக்கத்தில் தெரியவருகிறது: கைகள் நடுங்கியது நண்பனின் உடலைத் தண்ணீருக்குள் இழுத்துச்சென்றதால். இடைப்பட்ட 270 பக்கங்களில் இந்த ஆள் ஒருமுறைகூட அதை நினைக்கவில்லையா? மனத்துக்குள்கூட நினைக்கவில்லையா? நாம் அவன் மனத்துக்குள்தானே உட்கார்ந்திருந்தோம்? வாசகருக்கு அங்கே திகைப்பு வராது, எரிச்சல்தான் வரும். ஏமாற்றியது கொலையாளி என்றால் ரசிக்கலாம். நாவலே ஏமாற்றிவிட்டால் எதை ரசிப்பது?

'கதைசொல்லியே கொலையாளி என்பதை அகதா கிறிஸ்டியே செய்யவில்லையா?' என்று உடனே கேட்பார்கள். செய்தார். 1926இல், 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. அப்போதும் இது போங்காட்டம் என்று பலர் கொதித்தார்கள். ஆனால் கிறிஸ்டி அதை எப்படிச் செய்தார் என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்ட், அக்ராய்டின் அறையில் கடைசியாக இருந்த இரவைப் பற்றி எழுதுகிறார். கடிதம் வந்தது மணி எட்டு நாற்பதுக்கு. தான் அறையைவிட்டுக் கிளம்பியது சுமார் எட்டு ஐம்பதுக்கு, கடிதம் படிக்கப்படாமலே இருந்தது. கதவுக் கைப்பிடியில் கைவைத்து ஒரு கணம் தயங்கி, செய்ய வேண்டியது ஏதும் விட்டுப்போயிற்றா என்று திரும்பிப் பார்த்தேன் என்கிறார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லாமல் தாண்டிவிட்டார். முடிந்தபின் திரும்பிப்போய்ப் படித்தால் ஓட்டை பட்டப்பகலில் திறந்தே கிடக்கிறது.

இன்னொன்று, ஷெப்பர்டுக்கு மறைப்பதற்கான காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. அவர் பின்னாளில் நினைவுகூர்ந்து எழுதவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, துப்பறிபவர் பொய்ரோவின் தோல்வி வரலாறாக இது முடியும் என்ற நினைப்பில் எழுதிக்கொண்டிருக்கிறார். தப்பித்துவிடுவோம் என்று நம்பும் ஆள் மறைக்கத்தான் செய்வார். ஏரிக்கரை மாணவனுக்கு அப்படியொரு காரணமும் கிடையாது. அவன் யாருக்குச் சொல்கிறான், ஏன் இப்போது சொல்கிறான், சொல்வதென்று முடிவெடுத்தபின் ஏன் பாதியை விழுங்குகிறான்? பெரும்பாலான நாவல்கள் இந்தக் கேள்விகளைச் சீந்துவதே இல்லை. எம். எல். ரியோவின் 'இஃப் வி வேர் வில்லன்ஸ்' (2017) குறைந்தபட்சம் இதை யோசித்திருக்கிறது. பத்தாண்டு சிறையில் இருந்துவிட்டு வெளியே வரும் ஆலிவர், அந்த வழக்கை விசாரித்து இப்போது வேலையைவிட்டு விலகும் காவல் அதிகாரியிடம் உண்மையைச் சொல்கிறான். கேட்பவர் ஒருவர் இருக்கிறார், சொல்ல வேண்டிய நேரமும் வந்திருக்கிறது.

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அவரும் மர்மக் கதை எழுதியவர். பாதி விளையாட்டாகத்தான் எழுதினார். இருந்தாலும் முதல் கட்டளையே நம் விஷயத்தைத் தொடுகிறது. குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், ஆனால் வாசகர் யாருடைய எண்ணங்களைப் பின்தொடர்ந்து வந்தாரோ அவராக இருக்கக் கூடாது. துப்பறிபவரின் நண்பன் தன் மனத்தில் ஓடுவதை மறைக்கக் கூடாது என்று இன்னொன்று. கட்டளைகளை மீறித்தான் நல்ல நாவல்கள் பல பிறந்தன. மீறுகிறோம் என்று தெரிந்து மீறினார்கள்.

துப்பறிபவர் என்றதும் அடுத்த ஓட்டை தெரிகிறது. இந்த நாவல்களில் யார் துப்பறிகிறார்கள்? மாணவர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டு, மது அருந்திக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காவல்துறை இரண்டு அத்தியாயத்துக்கு வந்து கல்லூரி நிர்வாகத்தின் செல்வாக்குக்குப் பணிந்து போய்விடும். துப்புகளை எடுத்து வரிசைப்படுத்த, இது இப்படியானால் அது அப்படி என்று கணக்குப் போட ஒருவரும் இல்லை. அப்படியானால் விடை எப்படி வெளியே வரும்? யாராவது உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தாக வேண்டும். இந்த வகையில் ஏமாற்றமளித்த கடைசி அத்தியாயங்களை எண்ணிப்பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் மணிமண்டப மாடியிலோ நூலக நிலவறையிலோ நின்று பத்திருபது பக்கம் பேசியிருப்பார். யாரும் எதையும் கண்டுபிடிக்காத கதையில் வாசகருக்கு மட்டும் கண்டுபிடிக்கும் சுகம் எங்கிருந்து வரும்?

சந்தேகிக்கப்படுபவர்களின் நிலை இன்னும் மோசம். வெளியாளுக்கு இடமில்லாத 'மூடிய வட்ட'க் கொலைக் கதையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். ஒருவருக்குக் கடன், ஒருவருக்குப் பழைய அவமானம், ஒருவருக்குச் சொத்து. டார்க் அகாடெமியாக் குழுவின் கவர்ச்சியோ எல்லோரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதில் இருக்கிறது. ஒரே உடை, ஒரே மேற்கோள், ஒரே குரு பக்தி. பாதி நாவல் போன பிறகும் நாலாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் வித்தியாசம் தெரியாமல் முன்பக்கங்களைப் புரட்டுகிறோம். பிறகு அந்த ஐந்தாவது ஆள்தான் கொன்றார் என்று தெரியவந்தால் என்ன, நாலாவது ஆளாக இருந்தால் என்ன?

இவையெல்லாம் கதைக்கட்டுமானக் குறைகள். என்னை அதிகம் உறுத்துவது இவையல்ல. பல்கலைக்கழகத்தைப் பற்றிய நாவலில் பல்கலைக்கழகம் இல்லாமல் போவதுதான். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறேன். மாணவர்கள் படிக்கும் பாடத்தை மாற்றிப்பாருங்கள். லத்தீன் இலக்கியத்தை எடுத்துவிட்டுத் தாவரவியலை வையுங்கள். கொலையில் ஏதாவது மாறுகிறதா? 'தி சீக்ரெட் ஹிஸ்டரி'யில் மாறும். அங்கே கிரேக்கப் படிப்புதான் முதல் சாவுக்கே காரணம். கிரேக்க மதுக்கடவுள் டயோனிசஸ் வழிபாட்டின் வெறிநிலையைப் புத்தகத்தில் படித்தவர்கள் அதை நிஜத்தில் நிகழ்த்திப் பார்க்கக் கிளம்புகிறார்கள். அந்த இரவில் ஒரு விவசாயி சாகிறார். அது பன்னிக்குத் தெரியவருவதால் பன்னியும் சாக வேண்டியதாகிறது. பின்னால் வந்த பல நாவல்களில் பாடத்தை மாற்றினால் அத்தியாயத் தலைப்பிலுள்ள மேற்கோள்கள் மட்டும் மாறும். பொறாமை, காதல் துரோகம், குடிபோதைத் தள்ளுமுள்ளு: அந்தக் கொலை ஒரு நட்சத்திர விடுதியிலும் நடந்திருக்கலாம்.

படிப்பே கொலைவெறிக்குக் காரணமாக முடியுமா என்றால், 1935இலேயே அதற்குப் பதில் இருக்கிறது. டோரதி எல். சேயர்ஸின் 'காடி நைட்'. ஆக்ஸ்ஃபோர்டில் ஷ்ரூஸ்பரி என்ற கற்பனைப் பெண்கள் கல்லூரி. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெரிய நாவலில் ஒரு கொலைகூட இல்லை. மொட்டைக் கடிதங்கள், கிழிக்கப்பட்ட கையெழுத்துப் பிரதிகள், இரவில் நாசமாக்கப்படும் அறைகள் மட்டுமே. ஆனால் அதன் மையத்தில் இருப்பது ஓர் ஆய்வேடு. ஆண் ஆய்வாளர் ஒருவர் தன் முடிவுக்கு எதிரான ஆவணமொன்றைக் கண்டும் மறைத்துவிடுகிறார். மிஸ் டி வைன் என்ற பேராசிரியை அதை வெளிக்கொண்டுவருகிறார். அந்த ஆய்வாளர் பட்டமும் பதவியும் போய்த் தற்கொலை செய்துகொள்கிறார். அவருடைய விதவை பிழைப்புக்காக இதே கல்லூரியில் பணிப்பெண்ணாகச் சேர்ந்திருக்கிறார். உண்மைக்கு நேர்மையாக இருப்பது பெரிதா, ஒரு குடும்பத்தின் சோறு பெரிதா? இந்தக் கேள்விதான் அந்த நாவலின் மர்மமும் விடையும்.

அதில் வரும் லத்தீனைக் கவனிக்க வேண்டும். குற்றவாளி விட்டுச்செல்லும் செய்திகளில் ஒன்று ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் வரி. லத்தீன் தெரிந்தவர்தானே எழுதியிருக்க முடியும்? எனவே சந்தேகம் முழுக்கப் பேராசிரியைகள் மேல் விழுகிறது. பணிப்பெண்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. படித்த கணவனுடன் வாழ்ந்தவரிடம் அந்த வரி இருக்கக்கூடும் என்பது எவருக்கும் தோன்றவில்லை. கற்றவர்களின் கர்வமே அவர்கள் கண்ணை மறைக்கிறது. மேற்கோள் அங்கே அலங்காரமாக நிற்கவில்லை, வேலை செய்கிறது. சேயர்ஸ் அந்த உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் 1915இல் முதல் வகுப்பில் தேறியும், பெண்களுக்குப் பட்டம் தரும் வழக்கம் இல்லாததால் 1920வரை பட்டத்துக்காகக் காத்திருந்தவர்.

நிஜத்தில் நடந்த கொலைகளைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகிறது. 1849 நவம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜார்ஜ் பார்க்மன் என்ற செல்வந்தர் காணாமல் போனார். ஹார்வர்டின் மருத்துவக் கல்லூரி நின்ற நிலமே அவர் கொடுத்தது. அவரிடம் கடன் வாங்கியிருந்தவர்களில் ஒருவர் அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் வெப்ஸ்டர். ஆண்டுக்கு 1,200 டாலர் சம்பளம். வாழ்ந்ததோ அதற்கு மேல். கனிமச் சேகரிப்பை பார்க்மனிடம் அடகு வைத்திருந்தவர், அதையே இன்னொருவரிடமும் அடகு வைத்துப் பணம் வாங்கிவிட்டார். இது பார்க்மன் காதுக்கு எட்டியது. எந்தக் குரு பக்தியும், எந்த ரகசியச் சடங்கும் இல்லை. பற்றாக்குறைச் சம்பளம், வெளியில் காட்டிக்கொள்ள வேண்டிய அந்தஸ்து, ஒரே பொருளுக்கு இரட்டை அடகு.

கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? கல்லூரியின் துப்புரவுக் காவலாளி எஃப்ரெயிம் லிட்டில்ஃபீல்ட். அதுவரை ஒன்றுமே கொடுத்திராத பேராசிரியர், நன்றி நவிலும் நாளை ஒட்டி அவருக்கு ஒரு வான்கோழி வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்தத் திடீர்க் கரிசனமும், பூட்டிய ஆய்வகத்தில், வெளிச்சுவரைத் தொட்டாலே சுடும் அளவுக்கு எரிந்த உலையும் லிட்டில்ஃபீல்டை உறுத்தின. ஊரே விருந்துண்ட நாளில் அவர் கட்டடத்தின் அடியில் தவழ்ந்துபோய், பேராசிரியரின் கழிவறைக் குழிச் சுவரை இடிக்கத் தொடங்கினார். மறுநாள் உடல் பாகங்கள் கிடைத்தன. உலையில் கிடந்த பொய்ப் பற்களை, அவற்றைச் செய்து கொடுத்த பல் மருத்துவர் அச்சோடு பொருத்திக்காட்டி அடையாளம் சொன்னார். 1850 ஆகஸ்ட் 30 அன்று வெப்ஸ்டர் தூக்கிலிடப்பட்டார்.

1924இல் சிக்காகோவில் நடந்தது டார்க் அகாடெமியா எழுத்தாளர்களுக்கு இன்னும் நெருக்கமானது. நேதன் லியோபோல்ட், ரிச்சர்ட் லோப். இருவருக்கும் இருபது வயது நிறையவில்லை. அதற்குள் இருவரும் பட்டம் பெற்றவர்கள். பெரும் பணக்காரக் குடும்பங்கள். ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயைப் படித்த லியோபோல்ட், உயர்ந்த மனிதருக்குச் சாதாரணச் சட்டங்கள் பொருந்தாது என்று நம்பினான். யாராலும் கண்டுபிடிக்க முடியாத குற்றத்தைச் செய்துகாட்ட 14 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொன்றார்கள். சில நாட்களில் மாட்டிக்கொண்டார்கள். உடல் கிடந்த இடத்தருகே விழுந்திருந்த மூக்குக்கண்ணாடியின் கீல், சிக்காகோவில் மூன்றே பேருக்கு விற்கப்பட்டது. அவர்களில் ஒருவன் லியோபோல்ட். பணம் கேட்டு அனுப்பிய கடிதத்தின் தட்டச்செழுத்தை, அவன் சட்டக் கல்லூரி நண்பர்களுக்காக அடித்துக் கொடுத்திருந்த பாடக் குறிப்புகளோடு இரண்டு செய்தியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒரே இயந்திரம். அன்று முழுக்க லியோபோல்டின் காரில் சுற்றினோம் என்று இருவரும் சொன்னார்கள். கார் அன்று வீட்டில்தான் இருந்தது, நான்தான் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்றார் வீட்டு ஓட்டுநர்.

பாடக் குறிப்புகளும் ஓட்டுநரும்! எந்த நாவலாசிரியரும் இதைவிட நன்றாக யோசித்திருக்க முடியாது. மேதைகள் என்று நினைத்துக்கொண்டவர்கள் வீழ்ந்தது, தங்கள் கண்ணுக்கே படாத மனிதர்களாலும் அன்றாடக் காகிதங்களாலும். இன்றைய கல்லூரிக் கொலை நாவல்களில் இவர்கள் யாரையும் காணோம். இத்தனை பெரிய கட்டடத்தைப் பெருக்குவது யார், சமைப்பது யார், நூலகத்தில் நள்ளிரவில் விளக்கை அணைப்பது யார்? மெழுகுவர்த்திகளைக்கூட யாரோ வாங்கிவைத்திருக்க வேண்டுமே. உதவித்தொகை பறிபோகும் பயம், மதிப்பெண், ஆய்வேட்டைத் திருடும் வழிகாட்டி, நிரந்தர வேலை கிடைக்காமல் நாற்பது வயதுவரை அல்லாடும் ஆசிரியர், நன்கொடையாளரைக் காப்பாற்ற உண்மையை அமுக்கும் நிர்வாகம்: கொலைக்குக் காரணம் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும். படத்தில் அழகாக விழாது என்பதால் விட்டுவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' (2022) மர்ம நாவலல்ல. ஆனால் 1830களின் ஆக்ஸ்ஃபோர்டை எடுத்துக்கொண்டு, அங்குள்ள கல்விக் கோபுரத்துக்கான செல்வம் எந்த நாடுகளிலிருந்து வருகிறது என்று கேட்ட துணிச்சல் அதற்கு உண்டு.

டார்ட்டின் நாவலுக்கே திரும்பினால், அதைப் பின்பற்றுபவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளாமல் விட்டது ஒன்று இருக்கிறது. 'யார்' என்ற கேள்வியே இல்லாத அந்த நாவலில் நேர்மையாக நட்டுவைத்த துப்பு உண்டு. பன்னியும் ஹென்றியும் குளிர்கால விடுமுறையில் ரோமுக்குப் போய்வந்தது நாவலின் முற்பகுதியிலேயே நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. பன்னி செத்துப் பல நாள் கழித்து, அவன் சாவதற்கு முன் எழுதிய தட்டச்சுக் கடிதம் ஒன்று தாமதமாக ஜூலியன் கைக்கு வருகிறது. அதில் குற்றச்சாட்டு முழுக்க இருக்கிறது. ஜூலியன் அதை யாரோ விளையாட்டுக்குச் செய்த போலி என்றே நினைக்கிறார். பிறகு ஒரு தாளில் அச்சிட்டிருக்கும் தலைப்பு அவர் கண்ணில் படுகிறது. ரோமில் அவர்கள் தங்கிய விடுதியின் பெயர். அந்தத் தாள் பன்னியிடமிருந்துதான் வந்திருக்க முடியும்.

யாரும் மாடியில் நின்று பிரசங்கம் செய்யவில்லை. ஒரு விடுதித் தாளின் தலைப்பு போதுமாயிருக்கிறது. மாணவர்கள் தெய்வமாகக் கொண்டாடிய அந்த ஆசிரியர் காவல்துறையிடமும் போகவில்லை, அவர்களுக்கு ஆறுதலும் சொல்லவில்லை. கல்லூரியைவிட்டே போய்விடுகிறார்.